உலர்ந்த முடியும் உயிருள்ள வேரும்

"முடி வைக்கோல் போல் ஆகிவிட்டது, என்ன தடவினால் பழையபடி ஆகும்?" என்னும் கேள்வி எங்கள் தோல் நோய்ப் பிரிவில் நாள்தோறும் கேட்கப்படுகின்றது. கேட்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து புதுமுடி முளைக்கக் கண்டவர், திருமணத்திற்காக அழகு நிலையத்தில் முடியை நேராக்கிக்கொண்ட இளம்பெண், பல மாதங்களாகப் படுக்கையில் இருக்கும் தாயின் சடைபிடித்த கூந்தலை என்ன செய்வதென்று அறியாத மகள் எனப் பலரும் இதே கேள்வியோடு வருகின்றனர். அனைவருக்கும் பொதுவான விடை ஒன்று உண்டு. அது கேட்பதற்கு இனிதாக இராது. எனினும் முதலிலேயே கூறிவிடுகின்றோம். சேதமடைந்த முடித்தண்டு ஆறுவதில்லை.

கையில் ஏற்பட்ட கீறல் ஆறுகின்றது. ஏனெனில் அங்கே உயிருள்ள செல்களும் இரத்த ஓட்டமும் உள்ளன. தலைத்தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியில் இவை எவையும் இல்லை. முடியை வெட்டும்போது வலிக்காததற்கும் அதுவே காரணம். உயிருள்ள பகுதி தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மயிர்க்கால் மட்டுமே. ஆகவே நம் முன் இருப்பவை இரண்டு வேலைகள். இருக்கும் தண்டு மேலும் உடையாமல் காப்பது ஒன்று. புதிய முடியைத் தரும் வேர் நலமாக உள்ளதா என்று பார்ப்பது மற்றொன்று. முதல் வேலைக்குப் பெருஞ்செலவு செய்து இரண்டாவதை மறந்துவிடுவோரையே நாங்கள் மிகுதியாகக் காண்கின்றோம்.

ஓடு பெயர்ந்த கூரை

முடித்தண்டின் மேற்புறத்தை நாட்டு ஓடு வேய்ந்த கூரையாக எண்ணிக்கொள்ளலாம். ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள், ஆறு முதல் பத்து அடுக்கு வரை, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சரிவாக அமைந்துள்ளன. அச்செதில்களின்மேல் இயற்கையாகவே ஒரு கொழுப்புப் படலம் ஒட்டியிருக்கின்றது. நீரை உள்ளே எளிதில் விடாததும், முடிக்கு வழவழப்பும் பளபளப்பும் தருவதும் இப்படலமே. செதில்களுக்கு உள்ளே கெரட்டின் என்னும் புரத இழைகள் கட்டுக்கட்டாக உள்ளன. முடியின் வலிமை அவற்றில்தான் இருக்கின்றது.

பிளீச் செய்தல், சாயமேற்றுதல், நேராக்குதல் போன்றவற்றால் கொழுப்புப் படலம் அழிகின்றது. செதில்கள் தூக்கிக்கொள்கின்றன அல்லது பெயர்ந்து விழுகின்றன. ஓடு பெயர்ந்த வீட்டில் மழை இறங்குவதைப் போல அத்தகைய முடி நீரை விரைந்து உறிஞ்சி வீங்குகின்றது, உலரும்போது சுருங்குகின்றது. இதைத்தான் நுண்துளைத்தன்மை மிகுந்த முடி என்கின்றோம். மழைக்காலத்தில் பரட்டையாக விரிவதும், சாயத்தை உடனே பிடித்து உடனே இழப்பதும், இரு விரல்களுக்கு இடையே உருவும்போது சொரசொரப்பாகத் தோன்றுவதும் இதன் அடையாளங்கள். குவளை நீரில் ஒரு முடியைப் போட்டு அது மூழ்குகின்றதா மிதக்கின்றதா என்று பார்க்கும் சோதனையைப் பலர் எங்களிடம் விவரிக்கின்றனர். முடியில் ஒட்டியுள்ள எண்ணெயும் நீரின் பரப்பு இழுவிசையும் அதன் முடிவை மாற்றிவிடும். விரல்களையே நம்புங்கள்.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் வளர்கின்றது. எனவே அறுபது செண்டிமீட்டர் நீளக் கூந்தலின் நுனி ஐந்து ஆண்டு வயதுடையது. ஐந்து ஆண்டு வெயிலையும் சீப்பையும் தாங்கிய நுனி உலர்ந்து பிளவுபட்டிருப்பது நோயன்று. பிளந்த நுனியை ஒட்டவைக்கும் மருந்தும் இல்லை. கத்தரிக்கோல் போதும்.

ஈரமே ஆபத்தான நேரம்

முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்கவல்லது. நனைந்த முடி உலர்ந்த முடியைவிட வலிமை குன்றியது. சிறிதளவு இழுத்தாலும் நீண்டு, எல்லை கடந்தால் அறுந்துவிடும். நம் வீடுகளில் தலை முழுகியபின் துண்டை முறுக்கி ஈரக்கூந்தலைப் பட்டுப்பட்டென்று அடித்து உதறும் பழக்கம் உண்டு. நீர் விரைவில் வடியும் என்பது உண்மைதான். செதில்களும் அதனோடு பெயர்கின்றன. அதேபோல் ஈரத்தலையில் பேன் சீப்பை இட்டு இழுப்பதும், ஈரத்தோடு இறுகப் பின்னுவதும் கேடு செய்பவை. மென்மையான பருத்தித் துணியால், பழைய வேட்டியாயினும் நன்று, ஒற்றி எடுத்து, விரல்களால் சிக்கு நீக்கி, பின்னர் அகன்ற பற்களுள்ள சீப்பை நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கொண்டுசெல்லுங்கள். சாம்பிராணிப் புகையில் உலர்த்துவதை முடிக்குத் தீங்கு என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஈரமுடியில் சூடான இஸ்திரிக் கருவியை வைப்பது எல்லாவற்றிலும் கொடியது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியின்றித் தண்டுக்குள் குமிழ்களை உண்டாக்குகின்றது. நுண்ணோக்கியில் அக்குமிழ்களைத் தெளிவாகக் காணலாம். அவ்விடங்களில் முடி உடையும்.

எண்ணெய், சீயக்காய், கண்டிஷனர்

தேங்காய் எண்ணெயைப் பற்றி நம் பாட்டிமார் கூறியதில் பெரும்பகுதி சரியே. 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அவ்வாய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். எனினும் காரணம் பொருத்தமாகவே உள்ளது. இவ்வெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, கிளையற்ற மூலக்கூறுகளால் ஆனது. ஆதலால் தண்டுக்குள் புகுகின்றது. புகுந்தபின் நீர் ஏறி முடி வீங்குவதைக் குறைக்கின்றது. எனவே எண்ணெயைக் குளித்தபின் பூசுவதைவிடக் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, நடுத்தண்டு முதல் நுனி வரை தடவுவதே பயன் தரும். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெய் ஊறவைக்க வேண்டா. பொடுகோடு தொடர்புடைய பூஞ்சைக்குக் கொழுப்பே உணவு.

குளியல் சோப்பைத் தலைக்கு இடுவதை நிறுத்துங்கள். சோப்பின் காரத்தன்மை செதில்களைத் திறக்கின்றது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரோடு சேர்ந்து வெண்ணிறப் பிசுக்காகவும் படிகின்றது. சீயக்காயும் அரப்பும் அத்தகைய காரம் கொண்டவை அல்ல. ஆனால் கரகரப்பான தூளாக அரக்கித் தேய்த்தால் உராய்வால் கேடு விளையும். சலித்துக் கரைத்து ஊற்றுங்கள். உப்புநீரால் முடி கொட்டுகின்றது என்று பலர் கூறுகின்றனர். அந்நீரின் சுண்ணாம்பு தண்டின்மேல் படிந்து சொரசொரப்பாக்கும். மயிர்க்காலை அது தொடுவதில்லை. கடைசி ஒரு குவளைக்கு மட்டும் வடிகட்டிய நீரைப் பயன்படுத்தினால் போதும்.

கண்டிஷனரைச் சிலர் தேவையற்ற ஆடம்பரமாகக் கருதுகின்றனர். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. சேதமடைந்த இடங்களில் முடி எதிர்மின் தன்மை மிகுந்து காணப்படும். கண்டிஷனரின் முக்கியப் பொருள்களோ நேர்மின் தன்மை கொண்டவை. ஆகவே அவை சேதமுள்ள இடத்தைத் தாமே நாடி ஒட்டிக்கொள்கின்றன. விலை மலிந்ததும் இவ்வேலையைச் செய்யும். அடுத்த குளியலில் கழுவப்பட்டுவிடுவதால் ஒவ்வொரு முறையும் இட வேண்டும். முட்டை பூசுவதால் முடிக்குப் புரதம் கிடைப்பதில்லை. அப்புரதம் உட்புகாத அளவு பெரியது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் பச்சை முட்டையைக் கையாளாதிருப்பதே நல்லது. முட்டையை வேகவைத்து உண்ணுங்கள்.

நேராக்கும் களிம்புகள் பற்றி

"கெரட்டின் சிகிச்சை" என்ற பெயரைக் கேட்டதும் முடிக்கு ஊட்டம் அளிக்கப்படுவதாகப் பலர் நம்புகின்றனர். இவற்றுள் சில, சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுபவை. மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ஆம் ஆண்டில் ஃபார்மால்டிஹைடை வகைப்படுத்தியது. அதன்பின் "ஃபார்மால்டிஹைடு இல்லாதது" என்ற அறிவிப்போடு கிளைஆக்சிலிக் அமிலம் கலந்த களிம்புகள் பரவின. 2024-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான கடிதம் ஒன்று, துனிசியாவில் முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றிக் கூறுகின்றது. 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று முறை அழகு நிலையம் சென்றார். மூன்று முறையும் அவருடைய சிறுநீரகங்கள் பாதிப்புற்றன. அவ்வமிலம் தோல் வழியே உட்சென்று ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படிகின்றது என்று ஆய்வாளர்கள் விளக்கினர். எனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் இத்தகைய சிகிச்சையை அறவே தவிர்க்க வேண்டும் என்பது எங்கள் அறிவுரை. மற்றவர்களும் களிம்புப் புட்டியில் எழுதியுள்ளதைப் படிக்காமல் தலையை நீட்ட வேண்டா. செய்துகொண்டபின் வாந்தி, முதுகுவலி, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வந்து, முடிக்கு என்ன செய்துகொண்டீர்கள் என்பதையும் மறைக்காமல் கூறுங்கள்.

புற்றுநோய் மருந்துகளுக்குப் பின் முளைக்கும் புதுமுடி சுருண்டோ மென்மையாகவோ நிறம் மாறியோ வரலாம். பெரும்பாலோருக்கு நாளடைவில் இது மாறிவிடும். சாயமும் நேராக்கலும் குறைந்தது ஆறு மாதமேனும் பொறுக்கட்டும்.

படுக்கையில் இருப்போரின் கூந்தல்

பராமரிப்போர் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகின்றோம். தலையணையின் உராய்வும் வியர்வையும் சேர்ந்து சில நாள்களிலேயே பின்னந்தலை முடியைச் சடையாக்கிவிடும். சோர்ந்துபோன உறவினர் மழித்துவிடலாம் என்று முடிவு செய்கின்றனர். சில வேளைகளில் அது தேவையாகவும் இருக்கும். ஆனால் நினைவு திரும்பிய அம்மா தன் தலையைத் தடவிப் பார்த்து அழுவதை எங்கள் செவிலியர்கள் கண்டிருக்கின்றனர். நோயாளியால் பதில் கூற இயலுமாயின், கண்ணசைவாலேனும், அவரைக் கேட்காமல் வெட்டாதீர்கள்.

சடையை முதலில் நனைக்க வேண்டா. நீர் பட்டால் முடிச்சு மேலும் இறுகும். தேங்காய் எண்ணெயையோ கண்டிஷனரையோ தாராளமாகப் பூசி அரை மணி நேரம் விடுங்கள். பின்பு சிறு பகுதிகளாகப் பிரித்து, முடிச்சுக்கும் தலைத்தோலுக்கும் இடைப்பட்ட முடியை ஒரு கையால் இறுகப் பற்றிக்கொள்ளுங்கள்; அவ்வாறு பற்றினால் இழுவை தோலை எட்டாது. மற்றொரு கையின் விரல்களால் நுனியிலிருந்து பிரித்து வாருங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வேளைக்குக் கால்மணி நேரம் என மூன்று நான்கு நாள் ஆனாலும் தவறில்லை. சிக்கு நீங்கியபின் தலைக்கு ஊற்றி, நன்கு உலர்த்தி, காதோரமாக இரண்டு தளர்ந்த பின்னல்கள் இட்டு முன்புறம் விடுங்கள். பின்னந்தலையில் கொண்டையோ கிளிப்போ கூடாது. அது அழுத்தும் இடத்தில் படுக்கைப்புண் தோன்றும். சிக்கெடுக்கும்போதே அவ்விடத்துத் தோல் சிவந்துள்ளதா என்றும் பார்த்துவிடுங்கள். வழவழப்பான தலையணை உறை உராய்வைக் குறைக்கும். தலையில் தையல் உள்ளவர்கள், ஆக்சிஜன் பெறுபவர்கள் ஆகியோருக்கு எண்ணெய் இடுவதற்கு முன் செவிலியரைக் கேளுங்கள். மூளை மின்னலைப் பதிவுக்குச் செல்லும் நாளுக்கு முந்தைய இரவு எண்ணெய் அறவே கூடாது.

வேரைப் பார்க்க வேண்டிய நேரம்

உடைவதும் உதிர்வதும் ஒன்றல்ல. விழுந்த முடியை வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெண்குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது இயல்பு. குமிழின்றிக் குட்டையாக இருந்தால் இடையில் உடைந்தது. கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம் ஆகியவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிர்வது பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆனால் சாயமோ சூடோ படாத முடி வேரிலிருந்தே உலர்ந்து தடித்து வளரத் தொடங்கி, அதனோடு அசதி, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், புருவத்தின் வெளியோரம் குறைதல் ஆகியவையும் இருந்தால் தைராய்டு சுரப்புக் குறைவை ஐயுற வேண்டும். ஒரு குழாய் இரத்தத்தில் தெரிந்துவிடுவதைத் தேடாமல், ஈராண்டாக எண்ணெய்களை மாற்றிக்கொண்டிருப்போர் உண்டு. குழந்தையின் முடி நிறம் மங்கிச் செம்பட்டையாகி, கால் வீக்கமும் காணப்பட்டால் அது புரதக் குறைவாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

எங்கள் பிரிவுக்கு வரும்போது எண்ணெய் இடாமல் வாருங்கள். மூன்று நாள் விழுந்த முடியை ஒரு தாளில் மடித்தும், பயன்படுத்திய சாயம், களிம்பு, ஷாம்பூ ஆகியவற்றின் புட்டிகளையும், உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் கொண்டுவாருங்கள்.