ஈரத்துணி சுட்டது ஏன்?



போன வாரம் சோறு வடிக்கும்போது கரித்துணி ஈரமா இருந்ததைக் கவனிக்கல. விரல் கொப்பளிச்சுப் போச்சு! காய்ந்த துணியில் ஒரு நாளும் சுட்டதில்லை. டீச்சரிடம் கேட்டேன். காய்ந்த துணியின் இழைகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருக்கும். அசையாத காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். நனைந்தால் அங்கே தண்ணீர். அது காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும்.

அதிவேக விமானத்தைக் காப்பதும் இந்தக் காற்றுதான். 2016 மே 23 அன்று இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இறக்கை வைத்த ஆர்.எல்.வி-டி.டி.யை ஏவியது. சுமார் 65 கி.மீ. உயரம் போய், ஒலியைப் போல 5 மடங்கு வேகத்தில் இறங்கியது. அந்த வேகத்தில் எதிரே உள்ள காற்று விலக நேரமில்லாமல் நசுங்கிக் கொதிக்கும். (சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்க!) அதைத் தாங்க சிலிக்கா ஓடுகள் பதித்திருந்தார்கள். சிலிக்கா, நம்ம மணலில் இருப்பதுதான்.

அமெரிக்க விண்வெளி ஓடத்தின் ஓடுகளில் சிலிக்கா மெல்லிய இழையாக இருந்தது. பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. அதனால் கனமே இல்லை. ஆனால் மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் நீர் புகாத மருந்து ஏற்றினார்கள்.

எங்க வீட்டுக் கரித்துணி இப்போ வெயில்ல காயுது.

– 9-ஆம் வகுப்பு மாணவி