பழைய கரையைப் படியெடுத்தல்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

பழைய பட்டுப்புடவைகளுக்கு நல்ல விலை தரப்படும் என்னும் பலகைகளைத் தோழியர் பலரும் கடைவீதியில் கண்டிருப்பீர்கள். அவர்கள் புடவையை உடுத்துவதற்காக வாங்குவதில்லை. ஜரிகையை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுக்கவே வாங்குகிறார்கள். வெள்ளி கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கரையில் இருந்த அன்னமும் ருத்திராட்சமும் நெருப்போடு போய்விடும். அவற்றை நெய்யப் பயன்பட்ட கட்டத்தாளும் அட்டைகளும் பல வீடுகளில் முன்பே செல்லரித்துப் போயிருக்கும். புடவை போனாலும் உருவத்தைக் காப்பாற்றக் கணிப்பொறி உதவும். ஆனால் ஒரு பொத்தானை அழுத்தி முடிகிற வேலையன்று அது.

“புகைப்படம் எடுத்து வைத்தால் போதாதா?” என்று கேட்கலாம். போதாது. புகைப்படம் என்பது புள்ளிகளின் கூட்டம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால், 2 அங்குலச் சதுரத்தில் அடங்கும் அன்னத்துக்கு 600 × 600, அதாவது 3,60,000 புள்ளிகள். தான் அன்னத்தின் கழுத்தா, காப்பிக் கறையா என்பது எந்தப் புள்ளிக்கும் தெரியாது. படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகள்தாம் பெரிதாகும்.

கோட்டுப்படம் வேறு வகை. அதில் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எப்படி வளைகிறது என்ற கணக்கு மட்டுமே இருக்கும். நாம் ஆயத்தொலை வடிவியலில் படிக்கும் எக்ஸ், ஒய் எண்கள்தாம். பிரான்சு நாட்டில் ரெனோ கார் தொழிற்சாலையின் பொறியாளர் பியேர் பெசியே 1960-களில் கார்களின் வளைவுகளை வரையக் கையாண்ட முறையே இன்றும் பயன்படுகிறது. வளைவு ஒன்றுக்கு நான்கு புள்ளிகள்; இரண்டு அதன் முனைகள், மற்ற இரண்டும் அதைத் தம் பக்கம் இழுத்து வளைப்பவை. அன்னத்தின் கழுத்துக்கு இவ்வாறு இரண்டு மூன்று வளைவுகள் போதும். எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடு கூர்மை கெடாது.

படத்தைக் கொடுத்தால் தானே கோடிழுத்துத் தரும் வசதியும் உண்டு. இன்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் அதைக் காணலாம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்த படத்துக்கு அது அழகாக வேலை செய்யும். ஜரிகைக்கு ஆகாது என்பது என் கருத்து. ஜரிகை மின்னுமல்லவா? ஒவ்வொரு மினுக்கையும் அது தனித்தனித் தீவாக வரைந்துவிடும். கிழிசலையும் விடாது.

ஆகவே கண்ணால் பார்த்துக் கையால்தான் வரைய வேண்டும். புடவையின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஸ்கேன் செய்து, அளவுகோலின் ஓர் அங்குலம் திரையிலும் ஓர் அங்குலமாக வருமாறு முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். படம் அடித்தளத்தில் அசையாமல் இருக்க, அதன்மேல் வேறொரு தளத்தில் கோடு வரையலாம். கரையில் அன்னம் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருமாதலால், மூன்று நான்கு அன்னங்களை ஒப்பிட வேண்டும். எல்லாவற்றிலும் இருப்பது நெசவு. ஒன்றில் மட்டும் இருப்பது பழுது. எதிரெதிர் நோக்கும் இணையானால் ஒன்றை வரைந்து மற்றதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ளலாம்.

இனித்தான் வேடிக்கை. இவ்வளவு பாடுபட்டு வளைவாக்கிய அன்னத்தைத் தறிக்காக மறுபடியும் கட்டங்களாக்க வேண்டும்! 1804-ஆம் ஆண்டில் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் அமைத்த பொறியில், ஊடை நூல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. துளை இருந்தால் பாவு நூல் எழும், இல்லையேல் எழாது. (அவருடைய உருவத்தையே 1839-இல் ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள்.) கணிப்பொறியோ வளைவின் ஓரத்தில் அரைகுறையாய்ச் சாம்பல் நிறம் பூசிக் கண்ணை ஏமாற்றும். கட்டத்தாள் எழுதும் என் பெரியப்பா அதைக் கண்டு சிரித்தார். “தறிக்கு அரைக் கட்டம் தெரியாதும்மா. நூல் ஒண்ணு மேலே, இல்லேன்னா கீழே” என்றார்.

கணக்கும் தப்பக்கூடாது. அங்குலத்துக்குப் பாவு 80 நூல், ஊடை 60 நூல் என்று வைத்துக்கொள்வோம். 2 அங்குல அன்னத்துக்கு அகலத்தில் 160 கட்டம், உயரத்தில் 120 கட்டம். ஆகவே 120 அட்டைகள். இதை மறந்து 160-க்கு 160 என்று எழுதினால், நெய்தபின் உயரம் 2 அங்குலத்துக்குப் பதில் ஏறக்குறைய 2.7 அங்குலமாகி, அன்னம் கொக்காகிவிடும். நெசவுக் கட்டத்தாளில் கட்டங்கள் நீள்சதுரமாக இருப்பது இதனால்தான்.

இன்னொன்று, கணிப்பொறிக்குத் தானாகத் தெரியாதது. ஜரிகை இழை பல நூல்களைத் தாண்டிப் பிடிப்பில்லாமல் ஓடினால் வளையலில் மாட்டி அறுந்துபோகும். ஆகையால் இறகின் நடுவே அங்கங்கே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு இழையைக் கட்டுவார்கள். அந்தக் காலிக் கட்டங்களை வரிசையாக வைத்தால் இறகுக்கு நரம்பு தோன்றும். பழைய நெசவாளர் அதைத் தெரிந்தே வைத்திருக்கிறார். தானே வரையும் மென்பொருளுக்கு அது வெறும் ஓட்டை.

ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் 1936-இல் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில் பழைய புடவைகளைப் பார்த்து அந்தக் கரைகளை மீண்டும் நெய்யச் செய்தார்கள். அப்போது கட்டத்தாள்தான் துணை. ஆனால் ஒரு தறிக்கென எழுதிய கட்டத்தாளை, நூல் எண்ணிக்கை வேறான தறிக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. கோட்டுப்படம் இருந்தால், அதிலிருந்து தறிக்குத் தக்கபடி புதுக் கட்டம் எடுக்கலாம். எங்கள் பாட்டியின் கூறைப்புடவை அன்னத்தை இப்படி இரண்டு அளவில் எடுத்தோம். சிறிய அளவில் அன்னத்தின் கண் மறைந்துவிட்டது. பெரியப்பா பென்சிலால் ஒரே ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினார், கண் வந்துவிட்டது.