கீழைக் கரையிற் கண்ணகி

மலைசூழ்ந்த நிலத்தில் வாழ்வார்க்குக் கடல் என்பது கேள்வியால் அறியும் பொருளே ஆகும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு இக்கூற்று நன்கு பொருந்தும். மேற்கே வானளாவிய மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டுக் குன்றுகளும். இடையே நெல்லும் வாழையும் பன்னீர்த் திராட்சையும் செழிக்கும் தாழ்நிலம். மேலைக் கடல் நோக்கிச் சென்ற பெரியாற்று நீரைப் பென்னிகுவிக் என்னும் பொறியாளர் 1895-ஆம் ஆண்டில் முடிவுற்ற அணையால் தடுத்து, மலையைக் குடைந்து, எம் பள்ளத்தாக்கினுள் இறக்கினார். அந்நீர் வையையொடு கலந்து கிழக்கே செல்கின்றது. ஆயினும் வையையோ பெரும்பாலும் இராமநாதபுரத்துக் கண்மாயிலேயே அடங்கிவிடும் இயல்பினது. ஆதலின், எம்மூர் மக்களைப் போலவே எம்மூர் நீரும் கடலைக் காண்பது அரிது எனலாம்.

ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின், யானும் என் இல்லத்தாளும் கடல் கடந்து இலங்கையின் கீழைக் கரையைக் கண்டுவந்தோம். வெளிநாடு செல்வோர் பலர் மாடமாளிகைகளையும் கடைவீதிகளையும் நாடுவர். எங்கள் பயணத்திற்கு அமைந்த காரணம் வேறு.

மாணவச் செல்வர்களே! மதுரையை எரித்த கண்ணகி, வையைக் கரை வழியே மேற்றிசை நோக்கி நடந்து, மலைமீது ஏறி, வேங்கை மர நிழலில் நின்றாள் என்று சிலப்பதிகாரம் கூறுவதை நீவிர் அறிவீர். வையையின் கரைவழி மேற்கே வருவோர் எம் நிலத்தைத்தானே அடைவர்! கூடலூருக்கு மேலே, தமிழகமும் கேரளமும் கூடும் எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோட்டம் சிதைந்த நிலையில் நிற்கின்றது. கண்ணகி நடந்த வழியைத் தாமும் நடந்து ஆராய்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், செங்குட்டுவன் எடுத்த கோட்டம் இதுவே எனத் துணிந்தார். காட்டு விலங்குகள் உலவும் காப்புக் காட்டினுள் இருத்தலால், ஆண்டுக்கு ஒருநாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே மக்கள் அங்குச் செல்ல இசைவு உண்டு. பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைப்பாதை. என் துணைவி இளமை தொட்டு ஆண்டுதோறும் ஏறியவள். முழங்கால் நோயால் சில ஆண்டுகளாக ஏறவில்லை. ஈழத்தின் கீழைக் கரையில் கண்ணகிக்குக் கோயில்கள் பல உண்டு, அவை கடலோரச் சமநிலத்தில் உள்ளன என்று கேள்வியுற்றதும், "மலை ஏற இயலாவிடின் கடலைக் கடப்போம்" என்றாள். கடவுச்சீட்டுப் பெறுவதற்கு அன்றே விண்ணப்பித்தோம்.

முன்னாளில் இலங்கை செல்வோர் தனுஷ்கோடி வரை புகைவண்டியிற் சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சேர்வர். 1914-ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வழி, 1964-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் வீசிய பெரும் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. யாங்கள் மதுரையினின்று வானூர்தியிற் சென்றோம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொழும்பை அடைந்தோம். கம்பத்தினின்று மதுரைக்குச் செல்லும் நேரம் இதனினும் மிகுதி!

கொழும்பினின்று இரவுப் புகைவண்டியில் திரிகோணமலை சேர்ந்தோம். ஆழ்ந்த இயற்கைத் துறைமுகத்தால் புகழ்பெற்ற ஊர் அது. கடலுள் நீண்டு செங்குத்தாய் நிற்கும் பாறையின்மேல் கோணேசர் கோயில் விளங்குகின்றது. திருஞானசம்பந்தர் இராமேச்சுரத்தில் நின்றவாறே இத்தலத்தைப் பாடினார் என்பது பெரியபுராணச் செய்தி. அவர் பாடிய பழங்கோயில் இன்று இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் அதனை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1956-ஆம் ஆண்டில் ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் அவர் நண்பரும் பாறையடியிற் கடலுள் மூழ்கி, பழங்கோயிலின் தூண்களையும் சிற்பக் கற்களையும் கண்டனர். கோட்டைக்குள் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிகின்றன. வாயிற் கல்லிலோ இரட்டைக் கயல் பொறிக்கப்பட்டுள்ளது. மதுரைப் பக்கத்திலிருந்து சென்ற எமக்கு அக்கயல்கள் உறவினரைக் கண்டாற்போன்ற உவகையைத் தந்தன. அருகே கன்னியா என்னுமிடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள. ஏழிலும் வெப்பம் வெவ்வேறு. என் துணைவி ஏழினின்றும் முகந்து முழங்காலில் ஊற்றிக்கொண்டாள். நோய் தீர்ந்ததோ இல்லையோ, முகம் மலர்ந்தது.

திரிகோணமலையினின்று கடலோரமாகத் தெற்கே சென்றால் மட்டக்களப்பு. நிலத்துள் நுழைந்த கடல், ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட உப்பங்கழியாகக் கிடக்கின்றது. அதனை அந்நாட்டார் வாவி என்பர். வாவியின் நடுவே புளியந்தீவு. அதில் போர்த்துக்கீசியர் எடுத்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை. அவ்வூர்த் தமிழைக் கேட்டல் எனக்குப் பெருவிருந்தாயிற்று. 'பிறகு' என்னும் பொருளில் அங்குள்ளார் 'மறுகா' என்பர். 'ஒருகால்' என்பது நம் ஊரில் 'ஒருக்கா' ஆனாற்போல, 'மறுகால்' என்னும் பழஞ்சொல்லே அங்ஙனம் நின்றது. நூலில் தேடும் சொற்கள் சந்தையில் உலவக் கண்டேன். விருந்திற்கும் குறைவில்லை. மட்சட்டியில் தோய்த்த எருமைத் தயிரைப் பனைவெல்லத்தோடு உண்ணும் சுவையை என் துணைவி ஊர் திரும்பியபின்னும் பேசுகின்றாள்.

வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டு நாவலடி. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அதனைக் கடந்து சென்றது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரவர்க்கு மேற்பட்டோர் அன்று மாண்டனர். அங்கு அமைந்துள்ள நினைவிடத்தில் யாங்கள் நின்றபோது கடல் குளம்போல் அமைதியாக இருந்தது. மலை எம்மைக் காத்து நிற்பது என்று எண்ணி வளர்ந்த எமக்கு, கடலோரத்தார் அதே கடலில் பின்னரும் வலை வீசினர் என்பது வியப்பாகவே இருந்தது.

கல்லடிப் பாலத்தினடியில், முழுநிலவை ஒட்டிய அமைதியான இரவுகளில், நீருள்ளிருந்து இசைபோன்ற ஒலி எழும் என்பர். மீன் பாடுகின்றது என்பார் சிலர். ஊரி என்னும் சிப்பியினத்தின் ஒலி என்பார் சிலர். படகோட்டி ஒருவர் துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியில் வைக்கச் சொன்னார். யாழ் நரம்பைத் தொட்டு விட்டாற்போன்ற மெல்லொலி கேட்டது. இவ்வொலியை நீரரமகளிர் பாட்டாகக் கொண்டு கவி இயற்றியவர் விபுலாநந்த அடிகள். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், பின்னர் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய அவர், சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். 1947-ஆம் ஆண்டில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார். கல்லடியில் தாம் தோற்றுவித்த சிவானந்த வித்தியாலயத்தின் அருகே அவர் துயில்கின்றார். 1892-ஆம் ஆண்டு அவர் பிறந்த ஊர் தெற்கேயுள்ள காரைதீவு. ஆங்கேயும் கண்ணகி கோயில் உண்டு. யாங்கள் தேடிச் சென்றதும் அதுவே.

கடல்சூழ் இலங்கையின் கயவாகு மன்னன் சேரன் எடுத்த விழாவிற்கு வந்திருந்தான் என்பது சிலப்பதிகாரச் செய்தி. சிங்கள மக்கள் கண்ணகியைப் பத்தினித் தெய்வம் எனப் போற்றுவர். கீழைக் கரைத் தமிழர்க்கோ அவள் 'அம்மாள்'. கோவலன் பக்கம், கண்ணகி பக்கம் என ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை மாட்டி இழுத்து முறிக்கும் கொம்பு முறி விளையாட்டும் அவர்களிடம் உண்டு. பல கோயில்களில் வைகாசித் திங்களில்தான் திருக்கதவு திறப்பர். ஆண்டுக்கு ஒருமுறை திறத்தல் என்றதும் என் துணைவி என் கையைப் பற்றினாள். எம் மலைக்கோட்டத்தின் வழக்கமும் அதுவன்றோ! சித்திரை முழுநிலவில் அங்கே. அடுத்த முழுநிலவை ஒட்டி இங்கே.

கதவு திறந்த நாள் முதல் இரவுதோறும் 'கண்ணகி வழக்குரை' பாடப்பெறும். சிலம்பு உடைவதும் மதுரை எரிவதும் கேட்டபின், இறுதி நாளில் குளிர்த்திச் சடங்கு நிகழும். சினந்த தெய்வத்தைக் குளிர்விக்கும் சடங்கு அது. யாங்கள் மகளிர் கூட்டத்தருகே அமர்ந்திருந்தோம். எண்பது அகவைக்கு மேற்பட்ட மூதாட்டியார் ஒருவர் எங்கள் ஊரை வினவினார். கண்ணகி ஏறிய மலையின் அடிவாரத்தினின்று வருகின்றோம் என்றதும் வெற்றிலையை மடித்து என் துணைவியிடம் கொடுத்தார். அவர்க்கு மைந்தர் இருவர். 1983-ஆம் ஆண்டு மூண்டு 2009-ஆம் ஆண்டு முடிந்த போரில் மூத்தவர் மறைந்தார். இளையவரைப் பேரலை கொண்டது. இவற்றைப் பிறர் வீட்டுச் செய்தி போலவே அவர் கூறினார்.

"அம்மாள் எரித்த கதையை இத்தனை இரவும் கேட்டோம், மகள். மறுகா குளிர வேண்டாமா?" என்றார். பின்னர், "உங்கள் மலையில் அம்மாளைக் குளிரப் பண்ணுகிறவர் யார்?" என்று வினவினார்.

மங்கலதேவியில் பொங்கலிடுவதும் மங்கலநாண் பெறுவதும் உண்டு, குளிர்த்தி இல்லை. என் துணைவி விடை கூறாது இருந்தாள். விடியலுக்குமுன் குளிர்த்திப் பாடல் தொடங்கியது. கூடியிருந்தோர் யாவரும் எழுந்து நின்றனர். மூதாட்டியாரின் ஒரு கையைத் தூண் தாங்கியது; மறுகையை என் துணைவி தாங்கினாள். தெளித்த நீர் எங்கள்மீதும் விழுந்தது.

புறப்படும்போது, "அடுத்த வைகாசிக்கும் வருவீர்களா?" என்று அவர் கேட்டார். என் துணைவி என்னை நோக்கினாள். கோயிலை அடுத்த கடையொன்றில் நாட்காட்டி தொங்கிற்று. அவ்வாண்டிற்குரிய தாள்களே அதில் இருந்தன. கடைக்காரர் உள்ளே சென்று ஒரு பஞ்சாங்கத்தைத் தேடிக்கொண்டு வந்தார்.