குகைக்குள் படிந்த மழை

வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் உள்ள ஊர் என்றால், அங்கே வெள்ளையாகப் படிந்திருக்கும். தேய்த்தாலும் எளிதில் போகாது. அதில் பெரும்பகுதி சுண்ணாம்பு. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைந்து வந்தது.

மலைக்குள்ளும் இப்படிச் சுண்ணாம்பு படிகிறது. வடகிழக்கு இந்தியாவில் மேகாலயா மாநிலம் இருக்கிறது. அங்கே மழைக்குப் பெயர்போன ஊர் சிரபுஞ்சி. அதன் அருகே மாம்லு என்ற குகை உள்ளது. அது சுண்ணாம்புக் கல்லில் உண்டான குகை.

குகை எப்படி உண்டாகிறது? மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. சோடாவில் இருப்பதும் அதே வாயுதான். அந்த நீர் சுண்ணாம்புக் கல்லை மெல்லக் கரைக்கும். சிறு விரிசல் பெரிதாகும். பல்லாயிரம் ஆண்டுகளில் ஆள் நடக்கும் அளவுக்கு வழி உண்டாகும்.

குகையின் தரை வெறும் பாறையாக இருப்பதில்லை. பலவும் அங்கே சேர்கின்றன. சில வெளியிலிருந்து வந்தவை. சில உள்ளேயே உண்டானவை. பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். வழவழப்பான உருண்டைக் கல்லா? ஓடும் நீர் உருட்டிக்கொண்டு வந்தது. கூர்மையான முனை உள்ள கல்லா? கூரையிலிருந்து உடைந்து விழுந்தது. மாவு போன்ற களிமண்ணா? தேங்கி நின்ற நீரில் மெதுவாகப் படிந்தது. வௌவால் எச்சமும் குவியலாகக் கிடக்கும்.

எல்லாவற்றிலும் அதிசயமானது சொட்டும் நீர் கட்டும் கல். கூரையில் ஒரு சொட்டு தொங்குகிறது. அதிலுள்ள வாயு வெளியேறுகிறது. உடனே சிறிது சுண்ணாம்பு அங்கே ஒட்டிக்கொள்கிறது. ஆலம் விழுதுபோல் கீழே தொங்குவது கல்விழுது. சொட்டு விழும் இடத்தில் தரையிலிருந்து எழுவது கல்முளை. பல கல்முளைகள் நூறு ஆண்டில் ஒரு விரல் அகலம்கூட வளர்வதில்லை. ஆகவே குகைக்குப் போனால் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது.

கல்முளையை வெட்டிப் பார்த்தால் மரத்தின் வளையங்கள்போல் அடுக்குகள் தெரியும். அந்தந்தக் காலத்து மழையின் அடையாளம் அடுக்குகளில் தங்கியிருக்கும். மாம்லு குகையின் கல்முளை ஒன்றை அறிவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததற்கான தடம் அதில் இருந்தது. அதே காலத்தில் வேறு பல நாடுகளிலும் வறட்சி வந்த தடயங்கள் உண்டு. அப்போது அதை எழுதி வைக்க அந்த மலையில் யாரும் இல்லை. கல்தான் வைத்திருந்தது.

2018ஆம் ஆண்டு உலகப் புவியியலாளர்கள் பூமியின் வரலாற்றில் ஒரு காலத்துக்கு ‘மேகாலயக் காலம்’ என்று பெயர் சூட்டினார்கள். அந்த வறட்சியில் அது தொடங்குகிறது. நாம் வாழும் இந்த நாளும் அந்தக் காலத்தில்தான் சேரும்.