அரைவேக்காட்டு ராஜ்மாவும் அப்பாவி உப்பும்

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் மார்கழி பிறந்துவிட்டால் கெட்டியான காய்கறி சூப்புக்குத் தனி மவுசு. கேரட், நூக்கல், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, மலைப்பூண்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் விளைகின்றன. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஐரோப்பியக் காய்களை நீலகிரியில் பயிரிட்டுப் பார்க்கப் போய், இன்று தமிழ்நாட்டுச் சந்தைகளில் அவற்றுக்கு ‘இங்கிலீஷ் காய்’ என்றே பெயர். அதோடு ஒரு கப் ராஜ்மாவோ உலர்ந்த பட்டர் பீன்ஸோ சேர்ந்துவிட்டால் சூப்பே இரவுச் சாப்பாடாகிவிடும்.

இந்தச் சூப்பைச் சுற்றி வீட்டுக்கு வீடு ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது. அதைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். ஒரு தீங்கும் செய்யாத உப்பைக் கண்டு நடுங்குகிறோம். ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விடக்கூடிய அரைவேக்காட்டைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

“ராத்திரி முழுக்க இளஞ்சூட்டில் கிடந்தால் பீன்ஸ் தானாக வெந்துவிடும்.”

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வாங்கி வரும் ஸ்லோ குக்கரோடு சேர்ந்து வந்த நம்பிக்கை இது. மற்ற பல பயறுகளில் அவ்வளவு பாதகமில்லை, ராஜ்மாவில் ஆபத்து. சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் ஏராளம். பச்சையாகவோ அரைகுறையாக வெந்தோ நாலைந்து விதைகள் உள்ளே போனாலே போதும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், விடாத வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. நன்றாகக் கொதித்த நீரில் இந்தப் புரதம் சிதைந்துபோகும். இளஞ்சூட்டில் சிதையாது. அது மட்டுமல்ல, 80 டிகிரி அளவில் வெந்த ராஜ்மா, பச்சை விதையைவிட ஐந்து மடங்கு வரை நச்சு கூடியதாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கிறது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவிடச் சொல்கிறது அதே அமைப்பு.

வெள்ளை ராஜ்மாவில் இந்த நச்சு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 2006இல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை ராஜ்மாவைச் சில நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவிச் சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்று சொல்ல, நம்பிச் செய்தவர்களில் ஏராளமானோர் வாந்தியும் பேதியுமாக அவதிப்பட்டார்கள். ஒரு வகையில் உடம்பு இளைக்கத்தான் செய்திருக்கும்!

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரம் என்னதான் குமிழி விட்டாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. சென்னைக்காரர் எழுதிய குறிப்பைக் கடிகாரம் பார்த்து அப்படியே செய்தால் ஊட்டியில் பீன்ஸ் கடுக்கென்று நிற்பது இதனால்தான். மலையில் ராஜ்மாவுக்குப் பிரஷர் குக்கரை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. ஊறிய ராஜ்மாவுக்கு முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துச் சமவெளியில் இருபது நிமிடம். ஊட்டியில் இன்னும் ஐந்து, ஆறு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்லோ குக்கர்தான் பிடிக்கும் என்றால் குக்கரில் வெந்த ராஜ்மாவை அதில் போடலாம், தவறில்லை.

வெந்ததா என்று பார்ப்பதிலும் ஒரு பிசகு நடக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அரிசிக்குச் சரி. ராஜ்மாவுக்குச் செல்லாது. கடையில் பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே மூட்டையில் கலந்திருக்கும். ஒரு விதை வெண்ணெயாக இருக்கும், பக்கத்து விதை நடுவில் சுண்ணாம்புபோல வெளுத்து மாவாக நிற்கும். கரண்டியில் ஐந்தாறு விதைகளை எடுத்து ஊதுங்கள். தோல் சுருண்டு பிரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு ஒவ்வொன்றையும் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பல்லுக்கு வேலை வந்தால் குக்கரை மறுபடி மூடவேண்டியதுதான்.

இப்போது உப்பு. “முதலிலேயே உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது” என்பதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. நடப்பது இதற்கு நேர்மாறு. பீன்ஸின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின்; அந்தப் பெக்டினைக் கட்டிப்போட்டிருப்பவை கால்சியமும் மெக்னீசியமும். உப்பிலிருக்கும் சோடியம் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கட்டுத் தளர்ந்த தோல் வெடிக்காமல் மெத்தென்று வேகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு ராஜ்மாவை இரவு ஊறவைத்து, காலையில் அந்த நீரைக் கொட்டி அலசிவிட்டு வேகவையுங்கள். சுவை உள்வரை இறங்கியிருக்கும்.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? என் ஊகம் இது. “உப்புத் தண்ணியில பருப்பு வேகாது” என்று வீடுகளில் சொல்வார்கள். அது முழுக்க உண்மை. ஆனால் அவர்கள் சொல்வது போர்வெல் தண்ணீரை. அதில் மிகுந்திருப்பது நாம் சமையலில் போடும் உப்பு அல்ல, பெக்டினை மேலும் இறுக்கும் அதே கால்சியமும் மெக்னீசியமும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் உங்கள் வீட்டிலும் வருகிறதென்றால், ராஜ்மா வேகாததற்கு உப்பு ஜாடியைத் திட்டாதீர்கள். கேன் தண்ணீரில் ஊறவைத்து, அதிலேயே வேகவைத்தும் பாருங்கள்.

நிஜமாகவே வேக்காட்டைத் தடுப்பது புளிப்பு. தக்காளி, புளி, எலுமிச்சை எதுவானாலும் பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்தும். ‘எல்லாவற்றையும் குக்கரில் கொட்டி நாலு விசில்’ என்ற அவசரச் சூப்பில் காய் குழைந்து, பீன்ஸ் மட்டும் விறைத்து நிற்பதற்குத் தக்காளியும் ஒரு காரணம். முதலில் பீன்ஸை நாலு பல் பூண்டோடு தனியாக வேகவிடுங்கள். பிறகு கேரட்டும் நூக்கலும் உருளையும், கொஞ்சம் பொறுத்து முட்டைக்கோஸ், எல்லாம் வெந்த பிறகு தக்காளி. பூண்டு அதற்குள் தொட்டால் நசுங்குகிற பதத்துக்கு வந்திருக்கும். அப்படியே கரண்டியால் மசித்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகாத ராஜ்மா உண்டு. வெப்பமும் ஈரமுமான இடத்தில் நெடுநாள் கிடந்த விதை, உள்ளுக்குள்ளேயே இறுகிவிடும். எத்தனை விசில் விட்டாலும் மசியாது. அதற்குச் சமையல் சோடா சிட்டிகை அளவு போடுவது உதவும், உண்மைதான். ஆனால் அது பி1 வைட்டமினைக் காலி செய்துவிடும். கொஞ்சம் கை தாராளமானால் சூப்பில் சோப்பு வாடை வேறு. கூட்டம் மொய்க்கும் மளிகைக் கடையில் ராஜ்மா வாங்குவது இதைவிட மேல், அங்கே சரக்கு தங்காது.

கெட்டியாக இருக்கச் சோள மாவு வேண்டும் என்பது ஓட்டல் பழக்கம். வெந்த பீன்ஸில் இரண்டு கரண்டி எடுத்து மசித்துக் கலந்தாலே வழவழப்பும் கனமும் வந்துவிடும். “ரொம்ப நேரம் வெந்தால் காயின் சத்தெல்லாம் போய்விடும்” என்பது பாதி உண்மை: வைட்டமின் சி குறையும், தண்ணீரில் இறங்கும் சத்துகள் சூப்பில் எங்கும் போவதில்லை, அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம். கேரட்டின் பீட்டா கரோட்டின் வெந்த பிறகு, அதிலும் கொஞ்சம் வெண்ணெயோ நெய்யோ சேர்ந்தால், உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும்.

வாயுத் தொல்லைக்குக் காரணம் ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ் என்ற சர்க்கரைகள். அவற்றைச் செரிக்கும் நொதி நமக்கு இல்லை. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று வாயுவை விடுகின்றன. ஊறவைத்த நீரைக் கொட்டினால் ஒரு பங்கு போய்விடும். அடிக்கடி சாப்பிடுபவர்கள் பலருக்குத் தொல்லை தானே தணிந்துவிடும்.

“குளிர்காலம்தானே, சூப் அடுப்பிலேயே இருக்கட்டும்.” இதுவும் உப்பைப்போல அப்பாவி அல்ல. சென்னையின் மார்கழி இரவு 20 டிகிரிக்கு அதிகம் கீழே இறங்குவதில்லை. ஊட்டியில் வெளியே உறைபனி விழுந்தாலும் சமையலறை அப்படிக் குளிராது. போதாக்குறைக்கு, பீன்ஸ் சூப் கெட்டியானது. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதியைத் தாங்கிப் பிழைக்கும் சில பாக்டீரியா வித்துகள் முளைத்துப் பெருக அந்த வெதுவெதுப்பு போதும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் வாந்தி நச்சு, காலையில் மறுபடி சுடவைத்தாலும் அழியாது. அகலமான தட்டுகளில் ஊற்றி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பீன்ஸில் இரும்புச் சத்து உண்டு, ஆனால் உடம்பு அதைச் சுலபத்தில் எடுத்துக்கொள்வதில்லை. வைட்டமின் சி கூட இருந்தால் கூடுதலாக உறிஞ்சப்படும். டீயின் டானின் குறுக்கே நிற்கும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்வது கொஞ்சம் கஷ்டம்தான்.