குரல் எங்கே நிற்கிறது?

கேரளத்துத் துறைமுகப் பகுதியான வல்லார்பாடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க நினைப்பவருக்கு முழு அமைதி கிடைப்பது அரிது. முனையத்தில் கன்டெய்னரைக் கிரேன் கவ்வும்போது இரும்போடு இரும்பு மோதும் சத்தம் ஒன்று. அதே பெட்டி டிரெய்லர்மேல் அமரும்போது காதைவிட நெஞ்சுக்கூட்டை முதலில் எட்டும் ‘தொம்’ ஒன்று. பின்னால் நகரும் வண்டிகளின் விடாத ‘பீப்’. இவற்றுக்குச் சற்றுத் தள்ளி, வல்லார்பாடத்து மாதா பசிலிக்காவின் முற்றத்தை நேர்ச்சையாகப் பெருக்குகிறவர்களின் துடைப்பச் சத்தம். புதிதாக வருபவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். பழகிய காதுக்கு நான்கு தனித்தனிச் சங்கதிகள். இண்டஸ்ட்ரியல் என்று அழைக்கப்படும் கரடுமுரடான, இருண்ட இசையைக் கேட்கப் பழகுவதும் ஏறக்குறைய இதே வேலைதான். அந்த வகை ஆல்பத்தை ஒருவருக்குக் கொடுத்தால் திரும்பி வரும் முதல் புகார், “என்ன பாடுதுன்னே தெரியல, பின்னாடி கிரைண்டர் ஓடுது” என்பது. புகார் உண்மைதான். ஆனால் அதில் ஓர் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது: குரல் முன்னால் நிற்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது. அந்த எதிர்பார்ப்பைக் கழற்றி வைக்காமல் இந்த இசைக்குள் நுழைய முடியாது என்பதே நான் சொல்ல வருவது.

நம் காது குரலுக்கு வாக்கப்பட்ட காது. கச்சேரியில் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் நாம் வைத்திருக்கும் பெயரே பக்கவாத்தியம். சினிமாப் பாட்டிலும் பல்லவி தொடங்கியதும் வாத்தியங்கள் ஒரு படி இறங்கிக் குரலுக்கு வழிவிடுகின்றன; அவை தலைநிமிர்வது இடையிசையில் மட்டும். இது குறை இல்லை, வளமான ஒரு மரபு. ஆனால் அந்த மரபில் வளர்ந்த காது, குரல் சத்தத்துக்கு அடியில் கிடப்பதைக் கேட்டால், ஒலிக்கலவையில் யாரோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. தவறா, திட்டமா என்று கேட்பதில்தான் ரசனை தொடங்குகிறது.

இதற்கு நமக்கு மிக அருகில் இருக்கும் சான்று ஒரு தமிழ்ப் பெண்ணின் ஆல்பம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்தவர். பிள்ளைப்பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, அகதியாக லண்டன் திரும்பியவர். தந்தையின் இயக்கப் பெயரில் ‘அருளர்’ (2005), தாயின் பெயரில் ‘கலா’ (2007), பிறகு தன் பெயரிலேயே ‘மாயா’ (2010 ஜூலை). முதலிரண்டும் ஆட்டம்போட வைத்தவை. 2009 பிப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடினார். மூன்று மாதங்களில் வன்னியில் போர் முடிந்தது. அதன் பிறகு வந்த ‘மாயா’ ரசிகர்களையும் விமர்சகர்களையும் இரண்டாகப் பிளந்தது. முதல் தடம் ஒரு நிமிடம்கூட ஓடாது: காதிலிருக்கும் ஹெட்ஃபோன் எப்படி இணையம் வழியாக அரசாங்கம்வரை போய்ச் சேருகிறது என்று எலும்புகளை எண்ணும் சிறுவர் பாட்டின் தோரணையில் ஓர் ஆண்குரல் அடுக்குகிறது. அரசின் இணைய உளவு பற்றி ஸ்னோடன் வாய் திறக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அடுத்த தடமான ‘ஸ்டெப்பின் அப்’பில் டிரில் மிஷின்தான் தாளம். ‘பார்ன் ஃப்ரீ’யில் சூயிசைட் என்ற நியூயார்க் இரட்டையர் 1977-இல் வெளியிட்ட பாட்டின் சுழற்சியை எடுத்து, அதன்மேல் குரலைக் கிழித்துப் போட்டிருக்கிறார். ‘ஸ்டோரி டு பி டோல்ட்’ என்ற தடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சான்றாகக் காட்டுவேன். தன் கதை சொல்லப்பட வேண்டும் என்று ஏங்கும் பாட்டு அது. அந்த ஏக்கத்தைச் சொல்லும் குரலை இயந்திரத்தில் வளைத்து, கனத்த அடித்தாளத்துக்கு அடியில் தள்ளியிருக்கிறார்கள். கேட்கப்பட வேண்டும் என்று சொல்லும் குரலே சரியாகக் கேட்பதில்லை! இது கலவைப் பிழையாக இருக்க முடியாது. ஆல்பத்தின் அட்டையும் இதையே கண்ணுக்குச் செய்கிறது: யூடியூப் திரையின் ஓட்டக்கோடுகள் அடுக்கடுக்காக விழுந்து அவர் முகத்தை மறைத்துவிடுகின்றன. மைக் கையில் இருக்கிறது, உலகமே பார்க்கிறது, ஆனாலும் சொல்வது போய்ச் சேரவில்லை. அந்த நிலைமையை வரிகளில் விளக்கினால் அது அறிக்கையாகிவிடும். ஒலியின் அமைப்பாகவே வைத்தால் கேட்பவர் அதை அனுபவித்தாக வேண்டும்.

ஆகவே கேட்கும் முறையை மாற்ற வேண்டும். முதல் முறை கேட்கும்போது வரிகளைத் தேடாதீர்கள். பாடல் வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்கவும் வேண்டாம். வல்லார்பாடத்துக் காதைப்போல, எத்தனை சத்தங்கள், எது தூரம், எது பக்கம், எது இயந்திரம், எது தோல் என்று பிரித்துக்கொண்டே போங்கள். இரண்டாம் முறை அடித்தாளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இரைச்சலான தடத்திலும் பெரும்பாலும் ஏதோ ஒன்று ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருக்கும், அதுதான் கைப்பிடிச் சுவர். மூன்றாம் முறைதான் குரலைத் தேட வேண்டும். அப்போதும் என்ன சொல்கிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். சத்தத்தின் மேலா, நடுவிலா, அடியிலா, கதவுக்கு வெளியிலா? தடங்களைக் கலைத்துப் போட்டுக் கேட்பது இந்த ஆல்பங்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம், ஏனென்றால் ஒரு தடத்தின் வலி பல சமயம் அதற்கு முந்தைய தடம் உண்டாக்கிய களைப்பில் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டி வைத்தால்தான் புரியும் என்பதும் பொய். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் காதுக்கு வகுத்திருக்கும் எல்லை. இரைச்சல் என்பது ஒலியின் குணம். அளவைக் குறைத்தாலும் அந்தக் குணம் போகாது, அடுக்குகள் இன்னும் தெளிவாகப் பிரியும்.

“அதெல்லாம் சரி, இதில் சங்கீதம் எங்கே?” என்பது அடுத்த கேள்வி. கேரளத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்பது கொஞ்சம் வேடிக்கை. திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தறை மேளத்துக்கு ஏறத்தாழ 250 கலைஞர்கள் கூடுகிறார்கள். செண்டையும் இலத்தாளமும் கொம்பும் குழலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முழங்குகின்றன. பாட்டு இல்லை, வரி இல்லை, கேட்கும் கூட்டம் கையை உயர்த்தி எண்ணிக்கொண்டு நிற்கிறது. பஞ்சாரி என்ற மற்றொரு மேள வகையில் தாளவட்டம் 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12 என்று பாதிபாதியாகச் சுருங்கி 6-இல் முடியும். இந்தக் கணக்குத் தெரியாதவருக்கு அது வெறும் கொட்டு, தெரிந்தவருக்கு மலையேற்றம். நம் பக்கத்து உறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல், எலக்ட்ரிக் கிதாரில் வேண்டுமென்றே ஒலியைச் சிதைத்து எழுப்பும் கரகரப்புக்கு அண்ணன்முறை. ‘கலா’ ஆல்பத்தின் ‘பேர்ட் ஃப்ளூ’ அந்த உறுமியின்மேல்தான் நிற்கிறது. ‘மாயா’வில் உறுமி இருந்த இடத்தில் டிரில் வந்து உட்கார்ந்துகொண்டது என்று நான் கேட்கிறேன். எனவே, நமக்கு இரைச்சல் பழக்கமில்லை என்பது சரியான காரணம் இல்லை. திருவிழாவிலும் சாவிலும் அதற்கு இடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் ஹெட்ஃபோனில் வரும்போது மட்டும் வாசலில் நிறுத்துகிறோம். பறையை இசை என்று ஒப்புக்கொள்ள நம் சபாக்கள் எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்தால், எது சங்கீதம் என்ற தீர்ப்பைக் காது தனியாக வழங்குவதில்லை என்பதும் விளங்கும்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. துறைமுகத்தில் நாள் முழுக்க இரும்புச் சத்தம் கேட்டவன் மாலையில் அதையே காசு கொடுத்துக் கேட்பானா? வல்லார்பாடத்துக்கு அருகிலிருக்கும் மட்டாஞ்சேரி இதற்கு அழகாகவே பதில் சொல்லியிருக்கிறது. சுமைத்தொழிலாளிகளின் கூட்டத்துக்கு நடுவே சாப்பா எனப்படும் வில்லைகளை வீசியெறிந்து, பொறுக்கியவனுக்கு மட்டும் அன்றைய வேலை என்ற முறை இங்கே இருந்தது. அதை எதிர்த்த போராட்டத்தின்மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. அந்தத் தெருக்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டது மெஹபூபின் பாட்டையும், பின்னாளில் உம்பாயியின் கஜலையும். இனிமையை இளைப்பாறுதலாகத் தேடியது முழுக்க நியாயம். இண்டஸ்ட்ரியல் இசை அந்த இடத்தைப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம். ஆனால் இளைப்பாறுவது ஒரு தேவை, நினைவுகூர்வது வேறொரு தேவை. ராஜீவ் ரவி 2023-இல் வெளியிட்ட ‘துறமுகம்’ படம் சாப்பாவின் கதையை எடுத்தபோது அதை இருட்டாகவும் மூச்சு முட்டவும் எடுத்தார். கஜல் மெட்டில் எடுத்திருந்தால் பொய்யாகியிருக்கும். டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்ற லண்டன் குழு பழைய இரும்பைத் தட்டி இசையமைத்தவர்கள். பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் பாடகர் குழுவோடு சேர்ந்தே 1985-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். உழைப்பவனுக்கு இந்தச் சத்தம் அந்நியம் என்பது அங்கே பொய்த்தது. இன்னொன்று: 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்ட வல்லார்பாடம் முனையம், கொழும்பு வழியாகப் போகும் நம் சரக்கை இங்கே திருப்பவென்று கட்டப்பட்டது. அதற்குச் சாலையும் ரயிலும் போட மூலம்பிள்ளி முதலான ஊர்களில் 316 குடும்பங்கள் எழுப்பப்பட்டன. சாப்பாக் காலத்துத் துறைமுகத்தின் சத்தம் மனிதக் கூச்சல். கன்டெய்னர் துறைமுகத்தின் சத்தத்தில் மனிதனே குறைவு. அந்த மனிதக் குறைவைக் காதுக்குக் காட்டக்கூடிய இசை எதுவென்று கேட்டால், எனக்கு கஜல் நினைவுக்கு வரவில்லை.

இருளை வியாபாரமாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டைப் பாதிக்குமேல் ஏற்றுக்கொள்கிறேன். இந்த இசைக்குப் பெயர் கொடுத்த த்ராபிங் கிரிஸில் குழு 1976-இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெகார்ட்ஸின் சின்னமே ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் படம். அதை விமர்சனம் என்றார்கள். எனக்கு அது இன்றும் வயிற்றைப் புரட்டுகிறது, அவர்கள் இசையில் பாதி அந்தச் சின்னத்தின் கனத்தைத் தாங்காது. அதிர்ச்சியையும் கலையையும் பிரிக்க நான் நம்பும் சோதனை எளிமையானது: மூன்றாவது முறை கேட்கும்போது அதிர்ச்சி செத்துப்போயிருக்கும், அப்போது மிச்சம் என்ன? மேற்கு பெர்லினில் 1980-இல் தொடங்கிய ஐன்ஷ்டுர்ட்செண்டே நொய்பாவ்டன் (‘இடிந்து விழும் புதுக்கட்டிடங்கள்’ என்று பொருள்) என்ற குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட ‘கொலாப்ஸ்’ ஆல்பம் இதில் தேறும். தகரமும் இரும்பும் அடிபடும் இடைவெளிகளில் இருக்கும் மௌனம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிகிறது. ‘மாயா’ முழுமதிப்பெண் வாங்காது. ‘டெக்கில்லா’ ஆறு நிமிடத்துக்குமேல் ஓடி அலுக்கிறது, ‘எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஓ’ வேறு ஆல்பத்திலிருந்து வழிதவறி வந்ததுபோல இருக்கிறது. நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ‘தி டவுன்வர்ட் ஸ்பைரல்’ (1994) ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘ஹர்ட்’டை ஜானி கேஷ் 2002-இல் ஏறக்குறைய கிதாரும் பியானோவுமாகப் பாடியதைக் காட்டி, “பார், இரைச்சலை எடுத்தால்தானே பாட்டு அழகு” என்பவர்கள் உண்டு. கேஷ் பாடியது வாழ்ந்து முடித்த ஒரு கிழவரின் கணக்குப் பார்ப்பு. மூலத்தில் இருப்பது இன்னும் மூழ்கிக்கொண்டிருப்பவனின் நிலை, அதை முடித்துவைக்கும் இரைச்சல் நீர்மட்டம். இரண்டும் ஒரே பாட்டு இல்லை.

மனம் ஏற்கெனவே இருண்டிருக்கும் இரவில் இவற்றைத் தனியாகக் கேட்க வேண்டாம். சோகப் பாட்டு சோகத்தைக் கழுவும் என்பது எல்லா இசைக்கும் பொருந்தாது, இந்த வகைக்குப் பொருந்தும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பகலில், முழுக் கவனத்தோடு, ஒரே மூச்சில் கேளுங்கள்; பிறகு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிடிக்காமல் போனால் குற்ற உணர்வு தேவையில்லை, மூன்று முறை கேட்டபின் பிடிக்கவில்லை என்று சொல்பவரின் கருத்துக்கு எடை உண்டு. ‘மாயா’ தன் கடைசித் தடமான ‘ஸ்பேஸ்’ஸில் அத்தனை இரும்பையும் கீழே போட்டுவிட்டு மிதக்கிறது. சப்பென்று முடிகிறது என்பார்கள். அது முடிந்ததும் உடனே வேறொன்றைப் போடாமல் பத்து நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். வல்லார்பாடத்தில் அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் கிரேன் கேட்கும், அப்புறம் அதன் இடைவெளியில் வண்டியின் பீப், அதற்கும் அடியில், மெதுவாக, துடைப்பம்.