காசாலே: ரோமானியப் பண்ணை மாளிகையும் அதன்மேல் எழுந்த சிற்றூரும்

ரோமானியர் வரலாற்றை நாம் பெரும்பாலும் நகரங்களின் வழியாகவே கற்கிறோம். ரோம், பொம்பெயி, கார்த்தேஜ் ஆகிய பெயர்களே பாடநூல்களில் முந்தி நிற்கின்றன. அந்நகரங்களுக்கு உணவளித்த நாட்டுப்புறம் பின்தள்ளப்பட்டுவிடுகிறது. அந்நாட்டுப்புறத்தின் நடுவில் நின்றது ‘வில்லா’ எனும் பண்ணை மாளிகை. கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா இதனை மூன்று கூறாகப் பிரிப்பார்: தலைவன் தங்கும் பகுதி, அடிமைகளும் கால்நடைகளும் இருக்கும் பகுதி, விளைபொருளைச் சேர்த்து வைக்கும் பகுதி. தலைவன் தங்கிய பகுதி பளிங்காலும் பல வண்ணக் கற்களாலும் அமைந்தமையால் அதன் தடயம் எளிதில் நிலைக்கிறது. ஏனைய இரண்டையும் மண்ணில் தேடித்தான் காண வேண்டியுள்ளது.

இத்தகைய மாளிகைகளுள் தலையாயது ஒன்று சிசிலித் தீவின் நடுப்பகுதியில், பியாட்சா அர்மெரினா என்னும் ஊருக்கு அருகே, மங்கோனே மலையின் அடிவாரத்தில் உள்ளது. ‘வில்லா ரோமானா டெல் காசாலே’ என்பது அதன் பெயர். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முன்பிருந்த ஒரு பண்ணைக் கட்டடத்தின் மேல், மலைச்சரிவை ஒட்டிப் படிப்படியாக இது எழுப்பப்பட்டது. தூண்கள் சூழ்ந்த முற்றம், பளிங்குத் தளமிட்ட பேரவைக் கூடம், மூன்று பக்கமும் அரைவட்டமாக விரியும் விருந்து மண்டபம், தரைக்கு அடியில் வெப்பக் காற்றைச் செலுத்திச் சூடேற்றிய குளியலறைகள் எனப் பல பகுதிகள் இதில் உள. தளங்களில் ஏறத்தாழ 3,500 சதுர மீட்டர் பரப்புக்குச் சிறு கற்களைப் பதித்து ஓவியம் அமைத்துள்ளனர். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கைவினைஞரே இவற்றை அமைத்தனர் என ஆய்வாளர் கருதுவர். கார்த்தேஜ் பகுதித் தளங்களோடு இவற்றின் பாணி பெரிதும் ஒத்திருப்பதே அதற்குக் காரணம்.

இவற்றுள் நாம் நின்று நோக்க வேண்டியது ‘பெருவேட்டை’ எனப்படும் தளமாகும். 60 மீட்டருக்கும் மேல் நீண்ட நடைக்கூடம் முழுவதும் இது பரந்துள்ளது. பெயர்தான் வேட்டை; விலங்குகளைக் கொல்வது இதன் நோக்கமன்று. ரோம நகரத்து அரங்குகளில் மக்கள் கண்டு களிப்பதற்காக அவற்றை உயிருடன் பிடித்துக் கப்பலேற்றும் வாணிகமே இங்குத் தீட்டப்பட்டுள்ளது. தீக்கோழியைத் தூக்கிச் செல்பவன், காண்டாமிருகத்தைக் கயிற்றால் இழுப்போர், கூண்டுகளைச் சுமப்போர், மேற்பார்வையிடும் அதிகாரி என உழைப்பின் ஒவ்வொரு நிலையும் காட்டப்படுகிறது. குட்டியைப் பறிகொடுத்த பெண்புலியை ஏமாற்ற வேடன் கண்ணாடி உருண்டை ஒன்றை எறிகிறான். அதில் தெரியும் தன் உருவைக் குட்டியென மயங்கிப் புலி நின்றுவிடுகிறது. அக்கால எழுத்தாளரும் இக்கதையைக் கூறியுள்ளனர். வேடனொருவன் இதனை உண்மையில் செய்து தப்பியிருப்பான் என நாம் நம்பவில்லை.

இந்நடைக்கூடத்தின் தென்கோடியில் யானைத் தந்தத்தை ஏந்திய ஒரு பெண்ணுருவம் உள்ளது. அவள் அருகே யானையும் புலியும் நெருப்பில் தோன்றும் ஃபீனிக்ஸ் பறவையும் காணப்படுகின்றன. இவளை ஆப்பிரிக்கா என்பாரும் எகிப்து என்பாரும் அரேபியா என்பாரும் உளர். இந்தியா என்பார் கூற்றே நமக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஆப்பிரிக்கக் காடுகளில் புலி இல்லை என்பது ஒன்றே போதிய சான்று. யவனர் கலங்கள் தமிழகக் கரைக்கு வந்ததைச் சங்கப் பாடல்களிலும், 1945-இல் வீலர் நிகழ்த்திய அரிக்கமேட்டு அகழ்வாய்விலும் கண்ட நமக்கு, அக்கடல்வழியின் மறுமுனையில் இந்தியா எவ்வாறு கற்பனை செய்யப்பட்டது என்பதற்கு இத்தளம் ஒரு விடையாகிறது.

மாளிகையின் தலைவன் யார்? அவன் பெயரை உறுதியாகக் கூறும் கல்வெட்டு இல்லை. டயோக்ளீஷியனுடன் ஆட்சியைப் பகிர்ந்து, 305-இல் அரியணை துறந்த மாக்சிமியன் என்னும் பேரரசனே இங்கு ஓய்வெடுத்தான் என்ற கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. இத்துணைப் பெரிய மாளிகை அரசனுடையதாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணமே அதன் அடிப்படை. பின்னர் 1970-ஐ ஒட்டி, கரந்தினி முதலியோர் தளங்களின் அடியில் கிடைத்த மட்பாண்டத் துண்டுகளைக் கொண்டு கட்டட காலத்தை ஆராய்ந்தனர். ஒரு தளத்தின் அடியில் கிடைக்கும் பொருள்களுள் மிகவும் பிந்தியது எதுவோ, அதற்கு முன்னர் அத்தளம் இடப்பட்டிருக்க இயலாது. இவ்வெளிய அளவுகோலால் காலம் சற்றுப் பின்னுக்கு நகர்ந்தது, அரசன் விலகினான். ரோமச் செனட் குடும்பத்துப் பெருநிலக்கிழார் ஒருவர், ஒருவேளை 327-க்கும் 331-க்கும் இடையில் சிசிலியின் ஆளுநராக இருந்த வலேரியஸ் புரோகுலஸ், இதன் உரிமையாளராக இருக்கலாம் என்பர். கான்ஸ்டான்டிநோபிள் 330-இல் தலைநகராகி, எகிப்தின் கோதுமை அங்குச் சென்றபின், ரோம் நகரம் ஆப்பிரிக்காவையும் சிசிலியையும் மேலும் நம்ப வேண்டியதாயிற்று. சிசிலிப் பண்ணைகளின் செல்வப் பெருக்குக்கு இது பொருந்திய விளக்கமாகும்.

இம்மாளிகையின் கதையை இவ்வளவில் முடித்துவிடுவது பல நூல்களின் வழக்கம். நமக்கோ, இனிவரும் பகுதியே இன்றியமையாதது.

ஹிஜ்ரி 212, கி.பி. 827-இல் காழி அஸத் இப்னுல் ஃபுராத் தலைமையில் முஸ்லிம் படை சிசிலியின் மாசாராவில் இறங்கியது. இமாம் மாலிக் அவர்களிடம் பயின்ற அம்மார்க்க அறிஞர், மறு ஆண்டே சிரகூசை முற்றுகையிட்டிருந்த காலத்தில் மறைந்தார். 831-இல் பலெர்மோவும், 859-இல் தீவின் நடுவிலுள்ள என்னாவும் முஸ்லிம்கள் வசமாயின. ‘ஸிகில்லிய்யா’ என அரபியில் வழங்கிய அத்தீவில் எலுமிச்சை, கரும்பு, பருத்தி ஆகியன பயிராயின. நீர்த்தொட்டிக்கு ‘ஜெப்பியா’ என்றும், நீர் இறைக்கும் சக்கரத்துக்கு ‘சேனியா’ என்றும் சிசிலி உழவர் வழங்கும் சொற்கள் அரபியிலிருந்து வந்தவை. பெரும்பண்ணைகள் சிறு நிலங்களாகப் பிரிந்தன என்பதும் வரலாற்றாசிரியர் பலர் கருத்து.

காசாலேயில் மாளிகையின் சுவர்களையே துணையாகக் கொண்டு ஒரு சிற்றூர் எழுந்தது. மண்ணும் கல்லும் கொண்ட வீடுகளில் உழவரும் குயவரும் வாழ்ந்தனர். 1061-இல் தொடங்கி 1091-இல் முடிந்த நார்மானியர் படையெடுப்புக்குப் பின்னும் அவ்வூர் தொடர்ந்தது. இரண்டாம் ரோஜர் அவையில் அல்-இத்ரீஸி தம் புகழ்பெற்ற புவியியல் நூலை 1154-இல் நிறைவு செய்தார் என்பது அக்காலத்தின் ஒரு முகம். மறுமுகம் வேறு. 1160-61-இல் முதலாம் வில்லியத்துக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில், வட இத்தாலியிலிருந்து வந்து குடியேறியோர் பியாட்சா, புத்தேரா வட்டாரங்களில் முஸ்லிம் குடிகளைத் தாக்கிக் கொன்றனர். அடுத்து மன்னன் அக்கிளர்ச்சியாளரின் பியாட்சாவை அழித்தான். காசாலேச் சிற்றூரின் முடிவையும் இவ்வழிவோடு இணைத்துக் கூறுவது மரபு. பின்னர் மலைச்சரிவின் மண் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. கற்பதிவுகள் இத்துணை நன்றாக எஞ்சியதற்கு அம்மண்ணே காரணம்.

19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்காங்கே தோண்டினர். 1929-இல் பாவோலோ ஓர்சியும் 1930களில் குல்ட்ரேராவும் அகழ்ந்தனர். மாளிகையை முழுமையாக வெளிக்கொணர்ந்தவர் ஜெண்டிலி. 1950-இல் தொடங்கிய அவர் பணி பாராட்டுக்குரியது, ஐயமில்லை. எனினும் கற்பதிவுகளை அடைய வேண்டும் என்ற விரைவில், மேலே இருந்த இடைக்காலச் சுவர்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. போதிய பதிவும் செய்யப்படவில்லை. அகழ்வாய்வில் ஒரு படிவத்தை ஒருமுறைதான் படிக்க இயலும். அவ்வீடுகளில் எந்த அறையில் எந்தப் பானை இருந்தது என்பதை இனி எவரும் அறிய முடியாது. ஜெண்டிலி ஒருவரை மட்டும் குறைகூறுவதும் நேர்மையன்று. அக்காலத்தில் பல நாடுகளிலும் நிலவிய வழக்கம் இதுவே.

1950களின் இறுதியில் தளங்களைக் காக்க மினிஸ்ஸி அமைத்த கண்ணாடி, பிளாஸ்டிக் கூரை கோடையில் உள்ளே வெப்பத்தைத் தேக்கித் தீங்கு செய்தது. நெடிய சீரமைப்புக்குப் பின் 2012-இல் புதிய கூரையுடன் மாளிகை மீண்டும் திறக்கப்பட்டது. இதற்கிடையில், 2004 முதல் ரோமின் சப்பியென்சா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பென்சாபெனே தலைமையில், முன்னர்த் தொடப்படாத தென்பகுதியில் அகழ்வாய்வு நிகழ்ந்தது. இம்முறை மேற்படிவங்கள் பொறுமையுடன் பதிவு செய்யப்பட்டன. 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலான வீடுகளும் குயவர் சூளைகளும் வெளிப்பட்டன. அவற்றின் அடியில், அதுவரை எவரும் அறியாத மற்றொரு ரோமானியக் குளியல் கூடமும் கிடைத்தது.

‘காசாலே’ என்பது இலத்தீன் வழிவந்த சொல். சிற்றூர் என்பது அதன் பொருள். 1997-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் மாளிகை இடம்பெற்றதும் அச்சிற்றூரின் பெயராலேயே.